பதிவேட்டில் பெயர், சூளையில் பிள்ளை: நான்காம் வகுப்பில் நின்றுபோன ஒரு மாணவன் பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்தப் பதிவு எதற்கு

தமிழ்நாட்டில் தொடக்கப் பள்ளி அளவில் இடைநிற்றல் மிகக் குறைவு என்பது அரசுக் கணக்கு. பள்ளியில் பெயரே இல்லாத பிள்ளையைக் கிராமத்தில் காண்பது இப்போது உண்மையிலேயே அரிது. ஆனால் பெயர் உள்ள பிள்ளை எந்த நாளிலிருந்து வரவில்லை என்று கேட்டுப் பாருங்கள், பல ஊர்களில் யாருக்கும் தெரியாது. ஒரு நாளில் நின்றிருந்தால்தானே தெரிவதற்கு?

கீழே உள்ளது விழுப்புரம் மாவட்டத்தில் திண்டிவனத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஒன்றில் 2024 ஜூன் முதல் 2025 இறுதி வரை நடந்தது. வட்டார அளவில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை என்னுடையது. அந்த வகையில் இதில் எனக்கும் பங்கு உண்டு. பிள்ளை, குடும்பம், பள்ளி, சூளை எதன் பெயரையும் சொல்லவில்லை. அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களையும் விட்டிருக்கிறேன்.

குடியிருப்பும் குடும்பமும்

ஊரிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி, ஏரிக்கரைச் சரிவில் முப்பது சொச்சம் இருளர் பழங்குடிக் குடும்பங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் ஒற்றை அறை வீடுகள், மீதி கூரைக் குடிசை. ஆடி முதல் மார்கழி வரை வயல் கூலி, வரப்பில் எலி பிடிப்பது, ஏரி மீன், சவுக்கு வெட்டு என்று பிழைப்பு ஓடும். தை பிறந்ததும் பாதிக் குடியிருப்பு செங்கல் சூளைக்குக் கிளம்பிவிடும். செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களில் கல் அறுத்துவிட்டு மழை தொடங்கியதும் திரும்புவார்கள்.

கிளம்புவது தையில் என்றாலும் முடிவாவது ஐப்பசியில். மழைக்காலத்தில் கூலி வேலை கிடைக்காது. அந்த நேரம் பார்த்து, சூளைக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி வந்து அட்வான்ஸ் கொடுப்பார். கணவன் மனைவி சேர்ந்து ஒரு ஜோடி, ஜோடிக்கு இவ்வளவு என்று பேச்சு. சூளையில் ஆயிரம் கல்லுக்கு இத்தனை ரூபாய் என்று கூலி. வாரா வாரம் செலவுக்குக் கொஞ்சம் தருவார்கள்; சீசன் முடிவில் அட்வான்ஸையும் வாரச் செலவையும் கழித்துக் கணக்கு முடிப்பார்கள். மீதி நின்றால் கையில் வரும், நிற்காவிட்டால் அடுத்த வருஷத்துக் கடன்.

கூலி கல் எண்ணிக்கைக்குத்தான் என்பதால் பிள்ளையும் வேலைக்குள் வந்துவிடுகிறது. அறுத்துப் போட்ட பச்சைக் கல்லை மறுநாள் திருப்பி நிறுத்த வேண்டும், அப்போதுதான் எல்லாப் பக்கமும் காயும். அந்த வேலையைப் பிள்ளை செய்தால் அப்பா அந்நேரத்தில் இன்னும் நூறு கல் அறுக்கலாம். சூளை முதலாளி யாரும் ஒன்பது வயதுப் பையனை வேலைக்கு வைப்பதில்லை. குடும்பத்தைத்தான் வைக்கிறார்.

இந்தக் குடும்பத்தில் அப்பா, அம்மா, பெண், பையன், கைக்குழந்தை ஒன்று, அப்பாவைப் பெற்ற ஆயா. 2024 ஜூனில் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது நடந்துகொண்டிருந்தது. பையனுக்கு ஒன்பது. கைக்குழந்தைக்குப் பத்து மாதம். பெண் ஐந்தாம் வகுப்பை முடித்ததோடு சரி. ஆறாம் வகுப்புக்கு மூன்று கிலோமீட்டர் போக வேண்டும், போகவில்லை.

பள்ளி

ஐந்து வகுப்புகளுக்கும் சேர்த்து நாற்பது சொச்சம் பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்தான். தலைமையாசிரியை நான்காம், ஐந்தாம் வகுப்புகளைப் பார்த்துக்கொண்டு அலுவலக வேலையையும் பார்க்கிறார். மதிய உணவோடு, 2023 ஆகஸ்ட் முதல் காலை உணவும் உண்டு. பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கு ஏரிக்கரைக் குடியிருப்பிலிருந்து வருபவர்கள்.

2024 ஜூன், ஜூலை: கவனத்துக்கு வந்த விதம்

அந்த ஆண்டு ஜூன் 10 அன்று பள்ளி திறந்தது. நான்காம் வகுப்பில் இந்தப் பையன் இல்லை. ஜூலை நடுவில் நீண்ட நாள் வராதவர்கள் பட்டியலில் அவன் பெயர் எங்களுக்கு வந்தது. காரணம் எழுதும் இடத்தில் ஆர்வமின்மை என்று இருந்தது.

அந்தச் சொல்லை எழுதிய தலைமையாசிரியை மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவர் குடியிருப்புக்குப் போயிருக்கிறார், அதுவும் பலமுறை. ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் பையன் பக்கத்துச் சவுக்குத் தோப்புக்குள் ஓடிவிடுவான். அம்மாவோ, "என்னா டீச்சர் பண்றது, போடான்னா போ மாட்றான்" என்பார். குடும்பம் சூளையிலிருந்து திரும்பி மூன்று வாரம் ஆகியிருந்தது. தடுப்பாரும் இல்லை, வேலையும் இல்லை, பிள்ளைக்கே விருப்பம் இல்லை. வெளியிலிருந்து பார்க்கும் யாரும் அதைத்தான் எழுதியிருப்பார்கள்.

பெயர் பதிவேட்டிலேயே இருந்தது. பள்ளியிலிருந்து பெயரை நீக்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. ஆகஸ்ட் 1 நிலவரப்படி உள்ள எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடம் கணக்கிடப்படும் என்ற நடைமுறைக் கவலையும் உண்டு. பெயர் இருந்தது நல்லதுதான், பையன் திரும்பி வர வழி இருந்தது அதனால்தான். சங்கடம் என்னவென்றால், பெயர் இருக்கும் வரை அவன் யாருடைய கணக்கிலும் நின்றுபோன பிள்ளை ஆகமாட்டான்.

பழைய பதிவேடுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தபோது

பள்ளியிலிருந்த அவனுடைய எல்லா ஆண்டு வருகைப் பதிவேடுகளையும் ஒரே மேசையில் விரித்தோம். வகுப்பு மாறும், ஆசிரியர் மாறுவார், பழைய பதிவேடு அலமாரிக்குப் போகும். வரிசையாக வைத்துப் பார்க்க யாருக்கும் அவசியம் வந்ததில்லை.

முதல் வகுப்பு 2021-22. கொரோனாவுக்குப் பிறகு சின்ன வகுப்புகள் திறந்ததே நவம்பர் 1 அன்று. பொங்கலோடு கிளம்பிவிட்டான், ஆக அவனுடைய முதல் வகுப்பு சுமார் இரண்டு மாதம். இரண்டாம் வகுப்பில் ஜூன் கடைசியில் வந்திருக்கிறான், மீண்டும் பொங்கலோடு போயிருக்கிறான். மூன்றாம் வகுப்பில் திரும்பியது ஜூலை பாதி கழிந்து. நான்காம் வகுப்பில் வரவே இல்லை.

இதில் இரண்டு விஷயம் தெரிந்தது. ஊரில் இருந்த மாதங்களில் அவன் வருகை நன்றாகவே இருந்தது. ஊருக்குள் வீடு இருக்கும் பிள்ளைகள் சிலரைவிட அதிகம். அடுத்தது, கிளம்பும் தேதி எல்லா வருஷமும் ஏறக்குறைய ஒரே வாரம்தான். திரும்பும் தேதி மட்டும் வருஷா வருஷம் தள்ளிக்கொண்டே போயிருக்கிறது. குடும்பம் ஊர் திரும்பிய நாளுக்கும் அவன் பள்ளிக்கு வந்த நாளுக்கும் உள்ள இடைவெளி முதலில் சில நாள், அடுத்த வருஷம் இரண்டு மூன்று வாரம், 2024இல் முடிவில்லாமல் நீண்டது. அவன் நின்றது ஜனவரியில் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம். நின்றது ஜூனில்.

அவனுக்கு உரிய பாடநூல்கள் என்ன ஆயின என்று கேட்டபோது தலைமையாசிரியை அலமாரியைத் திறந்தார். தமிழ்நாட்டில் 2012-13 முதல் தொடக்க வகுப்புகளுக்கு முப்பருவ முறை. ஒரு வருஷத்துப் பாடம் மூன்று புத்தகங்களாக வரும். மூன்றாம் பருவத்துக்கானது ஜனவரியில் கைக்குக் கிடைக்கும். அலமாரியின் கீழ்த்தட்டில் மூன்றாம் பருவப் புத்தகங்கள் மட்டும் மடிப்புக் கலையாமல் கட்டாகக் கிடந்தன. சூளைக்குப் போன பிள்ளைகளின் பங்கு. நான்காம் வகுப்பு வரை வந்தும் அவன் எந்த ஆண்டின் மூன்றாம் புத்தகத்தையும் தொட்டதில்லை.

அவனுக்கு எது தெரியும், எது தெரியாது

அவனிடம் பேச எங்களால் முடியவில்லை, குடியிருப்பைச் சேர்ந்த ஒரு பெண்ணால் முடிந்தது. பட்டம் படித்தவர். இல்லம் தேடிக் கல்வி திட்டத்தில் மாலை வகுப்பு எடுத்திருந்தார். அவர் வந்தால் அவன் ஓடுவதில்லை. அவனுக்கு அவர் அக்கா.

ஏரி மதகுப் பக்கம் உட்கார்ந்து, மண்ணில் எழுதிக் காட்டி வாசிக்கச் சொல்லியிருக்கிறார். தனி எழுத்துகள் பெரும்பாலும் தெரிந்திருந்தன. படம், மரம், பட்டம் வந்தது. மீன், பூனை கொஞ்சம் யோசித்து வந்தது. கொடி என்று எழுதியதும் "கெ" என்றான், துணைக்காலில் விரலை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றான், அப்புறம் அதைத் தாண்டி "டி" என்றான். சோறு, கோழி எல்லாவற்றிலும் இதே தடங்கல். இரண்டு பக்கமும் குறி வரும் எழுத்துகள் அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்காதவை. அந்தப் பள்ளியில் உயிர்மெய் வரிசை ஒகர ஓகாரத்தில் ஏறும்போது பொங்கல் வந்துவிடும். இரண்டு வருஷமும் அப்படித்தான் ஆகியிருந்தது.

ஏன் வருவதில்லை என்பதையும் அவரிடம்தான் சொன்னான். மூன்றாம் வகுப்பில் எழுந்து நின்று படிக்கச் சொன்னபோது திணறியிருக்கிறான். ஒரே அறை என்பதால் பக்கத்தில் இருந்த இரண்டாம் வகுப்புப் பெண் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அறை முழுக்கச் சிரிப்பு. "அது என்னைவிட சின்னப் பொண்ணுக்கா" என்றானாம்.

ஆர்வமின்மை என்ற குறிப்புக்கு அடியில் இருந்தது இதுதான். இதற்கு வறுமை என்று ஒற்றை வார்த்தையில் பெயர் வைப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. அதே குடியிருப்பில், அதே வறுமையில், சவுக்கு வெட்டையும் வயல் கூலியையும் நம்பி ஊரிலேயே இருக்கும் வீடுகளின் பிள்ளைகள் எட்டாம் வகுப்பு வரை போய்க்கொண்டிருந்தார்கள்.

முதல் முடிவு

எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, சிறப்புப் பயிற்சி மையம். நின்ற பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்புக்குத் தயார்செய்ய மூன்று மாதம் முதல் இரண்டு வருஷம் வரை அங்கே படிக்க வைக்க விதி இருக்கிறது. ஆனால் பக்கத்தில் மையம் இல்லை. இரண்டாவது, பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி. ஒன்பது வயதுப் பையனைப் பிரிய அம்மா சம்மதிக்கவில்லை. அதை வற்புறுத்த எங்களுக்கும் மனம் இல்லை. மூன்றாவதாக, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார வைக்கலாமே என்று ஒரு பேச்சு வந்தது. அதற்குப் பயந்துதானே அவன் தோப்புக்குள் ஓடினான்?

ஆகவே அவன் நான்காம் வகுப்பிலேயே இருப்பது, வாசிப்பு மட்டும் அவன் நிலையிலிருந்து தொடங்குவது என்று முடிவானது. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிப்பது ஏற்கெனவே நடைமுறையில் இருந்தது. மூன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளில் தேடியபோது அதே நிலையில் இன்னும் நான்கு பேர் கிடைத்தார்கள். அவர்களில் இருவர் சூளைக்குப் போகும் வீடு. ஐந்து பேரையும் ஒரு குழுவாக்கி, காலை உணவு முடிந்து மணி அடிப்பதற்குள் இருக்கும் நேரத்தில் திண்ணையில் உட்கார வைத்து, குடியிருப்புப் பெண்ணே சொல்லிக் கொடுப்பது என்று ஏற்பாடு. பள்ளி மேலாண்மைக் குழு அவருக்கு ஒரு சிறு தொகை தர ஒப்புக்கொண்டது. அவர்களாகக் கேட்கும் வரை யாரையும் எழுந்து நின்று படிக்கச் சொல்வதில்லை என்பதில் தலைமையாசிரியை உறுதியாக இருந்தார்.

அவனை முதல் நாள் வகுப்புக்கு என்று அழைக்கவில்லை. ஒரு புதன்கிழமை, காலை உணவில் பொங்கல் போடுகிற நாள், சாப்பிட்டுவிட்டுப் போ என்று கூட்டி வந்தார் அந்த அக்கா. சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டான். அந்த வாரம் அப்படியே கழிந்தது. அடுத்த வாரம் திண்ணையில் இருந்தான்.

ஆகஸ்டிலிருந்து வருகை சீரானது. தீபாவளிக்குள் ஓகாரம் பிடிபட்டது, இரண்டு வரி வாக்கியங்களை விரல் வைத்து வாசித்தான். கணக்கில் அவ்வளவு சிரமம் இருக்கவில்லை. கூட்டல், கழித்தல் மனக்கணக்காகவே வந்தது, அதைத் தாளில் எழுதத்தான் பழக வேண்டியிருந்தது.

கூடப் பிறந்த அக்காளின் நிலை

அவனைவிட மூன்று வயது மூத்த பெண்ணையும் சேர்த்தே பார்த்தோம். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் எப்போதும் பேசுவாள். தம்பியின் புத்தகத்தை வாங்கித் தங்குதடை இல்லாமல் வாசித்தாள்.

பெண் பிள்ளைகளுக்கான கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயா உறைவிடப் பள்ளியில் சேர்க்கலாம் என்று பேசினோம். அம்மா எங்களை மறுத்துப் பேசவில்லை, கேள்விதான் கேட்டார்: "இவ போய்ட்டா இந்தக் கொயந்தைய யாரு சார் பாத்துக்குவா?" எங்களிடம் பதில் இல்லை. அங்கன்வாடி ஊருக்குள் இருக்கிறது, பத்து மாதக் குழந்தையை அங்கே விட்டுவிட்டு வேலைக்குப் போக முடியாது. சூளையில் குழந்தைகள் காப்பகம் கிடையாது. அம்மா ஜோடியில் ஒருவர், அவர் அறுக்காவிட்டால் அட்வான்ஸ் அடையாது. அந்தப் பெண் செய்துகொண்டிருந்தது கூலி இல்லாத வேலை, எந்த ஆய்வாளரின் கண்ணிலும் குழந்தைத் தொழிலாளர் என்று படாத வேலை.

2024 டிசம்பர்: புயல்

சீசனில் பையனை மட்டும் ஆயாவிடம் விட்டுப் போவது என்று அக்டோபரில் பேசி முடித்திருந்தோம். ரேஷன் அரிசி உண்டு, பள்ளியில் இரண்டு வேளைச் சாப்பாடு. ஆயாவுக்கும் துணை.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. எங்கள் மாவட்டத்து மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. ஏரி நிரம்பி வழிந்து சரிவில் இருந்த குடிசைகளுக்குள் தண்ணீர் புகுந்தது. ஆயாவின் குடிசைச் சுவர் இரண்டு பக்கம் சரிந்தது, ஆடுகள் போயின. குடியிருப்பே சில நாட்கள் பள்ளிக் கட்டடத்தில் தங்கியது. அரசு குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய் நிவாரணம் கொடுத்தது. தார்ப்பாய்க்கும் கழிக்கும் அரிசிக்கும் அது காணாது. அப்பா மேஸ்திரியிடம் இன்னொரு தொகை வாங்கினார்.

அதோடு அக்டோபர் ஏற்பாடு முடிந்தது. ஆயா மகள் வீட்டுக்குப் போய்விட்டார். பையனை விட்டுவைக்க வீடும் இல்லை, ஆளும் இல்லை. மழையால் ஜனவரிக்குத் தள்ளிப்போன அரையாண்டுத் தேர்வை எழுதிவிட்டு, பொங்கல் முடிந்ததும் அவனும் லாரியில் ஏறினான்.

இரண்டாவது முடிவு: பிள்ளையோடு பள்ளியும் போவது

குடும்பத்தைப் போகவிடாமல் தடுப்பதா என்று எங்களுக்குள் விவாதம் நடந்தது. அட்வான்ஸைக் காட்டி ஆளை நகரவிடாமல் வைத்திருந்தால் அது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். இவர்கள் விஷயத்தில் சந்தைக்கும் திருவிழாவுக்கும் போய்வரத் தடை இருக்கவில்லை. கணக்கு முடியாமல் ஊர் திரும்ப மட்டும் முடியாது. இது கொத்தடிமையா என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் வருவாய்த் துறையினர் என்பதால் எங்களுக்குத் தெரிந்ததை எழுதிக் கொடுத்தோம், பிள்ளைகள் வேலை செய்வதைத் தொழிலாளர் துறைக்கும் தெரிவித்தோம். அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. "நீங்க எழுதிக் குடுத்துட்டுப் பூடுவீங்க. அடுத்த ஐப்பசிக்கு எனக்கு யாரு சார் அட்வான்ஸ் குடுப்பான்?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். மழைக்கால மூன்று மாதத்துக்கு மேஸ்திரியை விட்டால் அவருக்குக் கடன் கொடுக்க ஆள் இல்லை.

விசாரணை வரும்போது வரட்டும், அதற்காகப் பிள்ளை காத்திருக்க வேண்டாம் என்று சூளைக்குப் பக்கத்துப் பள்ளியில் உட்கார வைக்க ஏற்பாடு செய்தோம். மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று எந்தப் பள்ளியும் சேர்க்கையை மறுக்க முடியாது. இடம்பெயர்ந்து வரும் குடும்பங்களின் பிள்ளைகளைச் சேர்ப்பது உள்ளாட்சியின் கடமை என்று கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. சிக்கல் கணினியில் இருந்தது. கல்வி மேலாண்மைத் தகவல் முறையில் ஒரு பிள்ளைக்கு ஓர் இடம்தான். மாற்றிவிட்டால் ஜூனில் திரும்ப மாற்ற வேண்டும். இடையில் யாராவது மறந்தால் பெயர் எந்தப் பள்ளியிலும் சேராமல் பொதுத் தொகுப்பில் நின்றுவிடும். மாற்றாவிட்டால் அங்கே வருகையும் இல்லை, சாப்பாட்டுக் கணக்கும் இல்லை. தலைமையாசிரியை மாற்ற வேண்டாம் என்றார். ஊர்ப் பள்ளியில் பெயர், அங்கே தனி நோட்டில் வருகை என்று இரண்டு தலைமையாசிரியர்களும் தொலைபேசியில் பேசி முடித்துக்கொண்டார்கள்.

இதில் கடைசி வரை உறுத்தியது முட்டைக் கணக்கு. மதிய உணவில் முட்டை ஆள் எண்ணிக்கைப்படிதான் வரும். விருந்தாளியாக ஒரு பிள்ளை உட்கார்ந்தால் ஒரு முட்டை குறையும். அன்றைக்கு வராத பிள்ளையின் முட்டையை இவனுக்குப் போட்டுச் சமாளித்தார் அங்கிருந்த சத்துணவு அமைப்பாளர். எல்லாரும் வந்த நாளில் என்ன செய்தார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

கிளம்பும்போது மூன்றாம் பருவப் புத்தகங்களை அவன் கையிலேயே கொடுத்தனுப்பினோம்.

சூளையில் நடந்தது

சூளையிலிருந்து அந்தப் பள்ளி இரண்டு கிலோமீட்டர். நடுவில் லாரி ஓடும் நெடுஞ்சாலை. முதல் சில வாரம் அவன் போகவில்லை. சூளையில் கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் குடும்பங்களும் ஒடிசாக் குடும்பங்களும் இருந்தன, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துக்கு மேல். தொழிலாளர் துறையினர் பார்வையிட்டபோது, பிள்ளைகள் பெற்றோருக்கு ஒத்தாசைதானே செய்கிறார்கள் என்று மேற்பார்வையாளர் சொல்லியிருக்கிறார். பதினான்கு வயதுக்குட்பட்டவர்களுக்கு 2016 திருத்தத்தில் தரப்பட்ட விலக்கு குடும்பத்தின் சொந்தத் தொழிலுக்குத்தான், அதுவும் பள்ளி நேரம் போக. சூளை அப்பாவின் சொத்து இல்லையே? அதன் பிறகு பிள்ளைகளை ஏற்றிச் செல்ல ஒரு ஷேர் ஆட்டோவுக்குச் சூளைத் தரப்பு பணம் கொடுத்தது.

பிப்ரவரியிலும் மார்ச்சிலும் ஆட்டோ ஓடியது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது உதவியது. ஒடிசாப் பிள்ளைகள் ஏறினார்கள், இறங்கினார்கள், மொழி புரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். திருவள்ளூர் மாவட்டச் சூளைகளில் முந்தைய ஆண்டுகளில் ஒடியா பாடநூல்களை வைத்துத் தளத்திலேயே வகுப்புகள் நடந்ததுண்டு. இந்தச் சூளையில் அப்படி ஒன்றும் இல்லை.

கல் அறுப்பு நடுநிசி தாண்டித் தொடங்கும், வெயிலுக்கு முன் முடிக்க வேண்டும் என்பதற்காக. விடியற்காலையில் கல் திருப்பிவிட்டு வந்து வகுப்பில் தூங்கிவிடுகிறான் என்று அந்தப் பள்ளி ஆசிரியர் சொன்னார். எழுப்ப மாட்டாராம், பத்தரை மணிக்குத் தானாக எழுந்துவிடுவான் என்றார். ஏப்ரலில் உற்பத்தி உச்சம். ஆட்டோ நின்றது, அவனும் நின்றான். அந்த மூன்று மாதத்தில் பள்ளி நாட்களில் ஏறக்குறைய பாதிதான் அவன் போனது.

2025 ஜூன்

பள்ளி ஜூன் 2 திறந்தது. குடும்பம் மாதக் கடைசியில்தான் திரும்பியது. வந்து இறங்கிய அன்று மாலையே, திண்ணையில் சொல்லிக் கொடுக்கும் அந்த அக்கா அவர்கள் வீட்டுக்குப் போனார். அந்த வாரம் முடிவதற்குள் அவன் ஐந்தாம் வகுப்பில் இருந்தான். யாரும் துரத்திப் பிடிக்கவில்லை. திண்ணைக் குழு அப்படியே இருந்தது, அவன் இடம் காலியாக இருந்தது.

அந்தக் குழுவில் இருந்த மற்ற இரண்டு சூளைப் பிள்ளைகள் போனது வேறு வேறு சூளைகளுக்கு. அங்கே பள்ளி ஏற்பாடு எதுவும் செய்ய முடிந்திருக்கவில்லை. ஒருவன் ஆகஸ்டில் வந்தான். ஒருத்தியின் குடும்பம் அங்கிருந்து அப்படியே வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டது, இந்தப் பதிவை எழுதும் வரை தகவல் இல்லை. இருவரை வைத்து முடிவுக்கு வர முடியாதுதான்.

2025 இறுதி நிலவரம்

பையன் தொடர்ந்து வருகிறான். மூன்றாம் வகுப்புப் பாடத்தைத் தடையின்றி வாசிக்கிறான், ஐந்தாம் வகுப்புப் பாடம் இன்னும் கஷ்டம். அவனே கேட்டு ஒருமுறை எழுந்து நின்று படித்திருக்கிறான்.

அவன் கூடப் பிறந்த அக்காள் பள்ளிக்குத் திரும்பவில்லை. கைக்குழந்தைக்கு இரண்டு வயதாகி அங்கன்வாடிக்கு அனுப்பலாம் என்ற நிலை வந்தபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார முடியாது என்றாள். இப்போது அம்மாவோடு வயல் வேலைக்குப் போகிறாள்.

பழங்குடியினர் சாதிச் சான்றிதழ் குடும்பத்தில் யாருக்கும் இல்லை. தாசில்தார் கொடுப்பதல்ல அது, வருவாய்க் கோட்டாட்சியர் அளவில் விசாரித்துத் தர வேண்டும். மனு கொடுத்து நிலுவையில் இருக்கிறது. ஆறாம் வகுப்புக்கு விடுதி வேண்டுமென்றால் அது தேவைப்படும்.

அடுத்த முறை எதை மாற்றுவோம்

நீண்ட நாள் வராதவர் பட்டியல் ஜூலையில் வருவதற்குக் காத்திருக்க மாட்டோம். யார் யார் அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார்கள், எந்த மாவட்டம், எந்தச் சூளை என்பது கார்த்திகையிலேயே குடியிருப்புக்குத் தெரியும், கேட்டால் சொல்வார்கள். சூளையின் இடம் முன்பே தெரிந்திருந்தால் மற்ற இரண்டு பிள்ளைகளுக்கும் பக்கத்துப் பள்ளியோடு பேசியிருக்கலாம். பருவகால விடுதிக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் இடம் இருக்கிறது. ஆயாவின் குடிசையை மட்டும் நம்பி இருந்ததால்தான் ஒரு மழை ஏற்பாட்டைக் கலைத்தது. ஊர்ப் பள்ளியிலேயே நான்கு மாதம் இரவு தங்கும் வசதி இருந்தால் இந்தக் குடியிருப்பின் பிள்ளைகளில் பாதிப் பேராவது சூளையைப் பார்க்காமல் இருப்பார்கள் என்பது என் கணிப்பு.

தகவல் முறையில் தற்காலிக வருகைக்கு ஒரு வழி வேண்டும். ஒரு பிள்ளை பெயரை இழக்காமல் நான்கு மாதம் இன்னொரு பள்ளியில் சாப்பிடவும் படிக்கவும் முடிய வேண்டும். தலைமையாசிரியர்களின் நல்ல மனதை வைத்து ஒரு பிள்ளைக்குச் செய்யலாம், நூறு பிள்ளைகளுக்குச் செய்ய முடியாது.

வகுப்பறைக்குள் மாற்றியது சுலபமானது, செலவில்லாதது. பொங்கலுக்குப் போகும் பிள்ளைகள் இருக்கும் பள்ளிகளில் கொம்பும் துணைக்காலும் சேர்ந்து வரும் எழுத்துகளை நவம்பருக்குள் முடித்துவிடுவது என்று வட்டாரத்தில் சில பள்ளிகள் இந்த ஆண்டு வரிசையை மாற்றிக்கொண்டன. ஜூனில் தாமதமாகத் திரும்பும் பிள்ளைக்கு முதல் இரண்டு வாரம் திண்ணைக் குழுதான், வகுப்பு அப்புறம்.

அக்காளின் விஷயத்தில் பள்ளியால் செய்யக்கூடியது மிகக் குறைவு. சூளையில் காப்பகம் வைக்கச் செய்வது தொழிலாளர் துறையின் கையில் இருக்கிறது. அது நடக்காத வரை, கைக்குழந்தை உள்ள ஒவ்வொரு சூளைக் குடும்பத்திலும் பத்து வயதைத் தாண்டிய ஒரு பெண் நின்றுபோவாள் என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளலாம்.

வரும் சீசனுக்கும் அப்பா அட்வான்ஸ் வாங்கிவிட்டார். அதே சூளை, அதே பள்ளி. ஷேர் ஆட்டோவை ஏப்ரலிலும் ஓட்ட வேண்டும் என்று இம்முறை முன்கூட்டியே எழுத்தில் கேட்டிருக்கிறோம், பதில் வரவில்லை.